மூன்று நாள் டெஸ்ட்

"உட்காருங்க அண்ணே. இதுதான் டெஸ்ட். இந்த புரோகிராம் ஓட மாட்டேங்குது. ஓட வச்சுக் காட்டணும், அவ்வளவுதான்."

கணினியைக் காட்டிவிட்டு அருந்ததி தன் மேசைக்குப் போனாள். முப்பது வயதிருக்கும். பினாங்கு டத்தோ கிராமாட் வட்டாரத்தில், ஒரு சாமான் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளும், கண்ணாடி அறைக்குள் முதலாளி ராமதாஸும் மட்டும்தான்.

தியாகராஜாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருடம் வேலை பார்த்த எலக்ட்ரானிக் ஃபேக்டரி தொண்ணூற்றெட்டில் ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவர். ஒரு வருடமாக விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்டது இந்த ஓர் இடம்தான். பைத்தான் தெரிந்தவர் தேவை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஃபேக்டரியில் மெஷின் ரிப்போர்ட்டுகளைப் பிரிப்பதற்காக அவர் தானாகவே புத்தகம் பார்த்துப் படித்துக்கொண்ட கணினி மொழி அது. பினாங்கில் அது தெரிந்தவர்கள் அப்போது ரொம்பக் குறைவு. அதனால் இந்த வேலை அவருக்குத்தான் என்று மனைவி யோகம்மா நம்பினாள். பாயான் பாரு கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

முதல் நாள், கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது விண்டோஸ். பைத்தான் உள்ளேதான் இருந்தது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைத்துக் கணினியை அணைத்து மறுபடி போட்டார். பைத்தான் வந்தது. புரோகிராம் வேறொரு தப்பைக் காட்டி நின்றது.

அருந்ததி மணிக்கொரு தரம் வந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். சாப்பிடப் போனால் அரை மணி நேரத்தில் வந்துவிடச் சொன்னாள். நம்ம தமிழ்ப் பிள்ளையாக இருந்தும் இந்த அதிகாரம் வேறா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் அந்தத் தப்பு பிடிபட்டது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடம் முக்கியம். ஒருவர் டேப் கீயைத் தட்டி இடம் விட்டிருந்தார், இன்னொருவர் ஸ்பேஸ் தட்டி விட்டிருந்தார். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், பைத்தானுக்கு இரண்டும் வேறு. சில பெயர்கள் மலாயில் இருந்தன, சில ஆங்கிலத்தில். நாலைந்து பேர் கை பட்ட புரோகிராம்.

யார் எழுதியது என்று கேட்டார். முன்னாடி இருந்தவங்க என்று நிமிராமலே சொன்னாள் அருந்ததி.

நானூறு வரியைக் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது. இதைக் கண்டுபிடிக்கவென்றே பைத்தானோடு ஒரு சின்னக் கருவி வரும் என்பது ஞாபகம் வந்து, ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடி எடுத்தார். ஒரு வரியைத் திருத்தினால் அடுத்த தப்பான வரியைக் காட்டும். பதினேழு முறை ஓட்டினார்.

மூன்றாம் நாள், புரோகிராமை மவுஸால் தட்டினால் திரை மின்னி மறைந்துவிடுகிறது என்றார்கள். முடிவைப் படிக்கும்வரை திரை காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்தார். பத்து மணிக்கு மேல் அது ஒழுங்காக ஓடியது. துறைமுகத்திலிருந்து எந்த கொண்டெய்னர் எந்த லாரியில் ஏற வேண்டும் என்று வரிசையாக வந்து நின்றது. ஒரு வருடத்தில் முதல் தடவையாகத் தியாகராஜாவுக்குத் தன்மேல் மதிப்பு வந்தது.

ராமதாஸ் வந்து பார்த்தார். டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டார். கை கொடுத்து, திங்கட்கிழமை ஃபோன் வரும் என்றார்.

அந்தத் திங்கள் வரவில்லை, அடுத்த திங்களும் வரவில்லை. ஃபோன் அடித்தால் எடுக்க ஆள் வேண்டுமே என்று பகலெல்லாம் வீட்டைவிட்டு நகராமல் இருந்தார். இவரே கூப்பிட்டபோது, பாஸ் இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள் அருந்ததி. கோயிலுக்குப் போவதை யோகம்மா நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம் நேரில் போனார். கதவைத் தள்ளியபோது அருந்ததியின் குரல் கேட்டது.

"உட்காருங்க நோர்மா. இதுதான் டெஸ்ட்."

அவர் உட்கார்ந்த அதே நாற்காலியில் ஒரு மலாய்ப் பெண், மடியில் சர்டிபிகேட் ஃபைலோடு. திரையில் அவர் திருத்திய புரோகிராம், அவர் சேர்த்த வரியோடு. அந்தப் பட்டியலைப் பிரிண்டரில் வர வைக்க வேண்டுமாம்.

தியாகராஜாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கத்தவில்லை. அருந்ததியை வெளியே படிக்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"வேலையே இல்ல, இல்லையா? பேப்பர்ல போட்டு ஆளுக்கு மூணு நாள் சும்மா வேலை வாங்கி, அதைக் கொண்டு போய் வித்துக்கிட்டு இருக்கீங்க."

அவள் பின்னால் கதவைச் சாத்தினாள்.

"உன் முதலாளியை விடு தங்கச்சி. உனக்கு மாசமானா சம்பளம் வருது. நீயும் ஒரு வீட்ல பொறந்தவதானே. என்னை உட்கார வச்சப்ப உனக்கு மனசு உறுத்தலையா?"

உள்ளேயிருந்து ராமதாஸ் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சம்பளமா? நானும் பேப்பர் பாத்து வந்தவதான் அண்ணே. ஆளுங்களை வச்சு வேலை வாங்கத் தெரியுதான்னு பாக்குறாங்களாம், அதான் எனக்கு டெஸ்ட். இது ஒன்பதாவது வாரம்."