பதினோரு வினாடி

தலைமையாசிரியர் தன் செல்போனை லிஃப்ட் மெக்கானிக்கின் பக்கம் திருப்பி வைத்து, வீடியோவை ஓடவிட்டார்.

திரையில், இப்போது மெக்கானிக்கின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் மகள். எடுத்தது ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், அவளுடைய சொந்த போனில். பின்னால் கொடியில் காய்வது அவருடைய வேலைச் சட்டைதான்.

எங்கே எடுத்தால் என்ன, மானம் போனது பள்ளிக்கூடத்துக்கு. ஒன்பதாயிரம் பேர் பார்த்தாயிற்று. அவளைப் பத்து நாள் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கும் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. அந்தப் பத்து நாளுக்குள் பரீட்சையும் வருகிறது. வீடியோவை அழித்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்களாம்.

பாடம் நடக்கும் நேரத்தில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி வைக்கிறார்கள் என்று திரையில் அவள் ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று சீருடை நனைந்து வாசலில் அழுதுகொண்டு நின்றதைச் சொன்னாள். சாவி எங்கே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

அங்கே படம் நின்றுவிட்டது. பாதி திறந்த வாயோடு அப்படியே இருந்தாள்.

"நெட் படுத்துது" என்று தலைமையாசிரியர் திரையைத் தட்டப் போனார்.

"தொடாதீங்க சார். அதுவா வரும்" என்றார் மெக்கானிக்.

பதினோரு வினாடி. வந்தது. சாவி தலைமையாசிரியரின் மேசை டிராயரில்.

மேசையோரம் நின்ற வகுப்பாசிரியைக்கு ஆறவில்லை. இரண்டு வருடமாக எதைக் கேட்டாலும் தெரியாது என்று தலையாட்டுகிற ஊமைக்கோட்டான், போனில் மட்டும் இப்படி வெளுத்து வாங்குகிறாளே!

அழிக்கிறாளா இல்லையா? கேள்வி மெக்கானிக்கிடம்தான் வந்தது. கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் மகளுக்காக முந்திக்கொண்டு பதில் சொல்லியே பழகிய வாய் அவருடையது. இன்றும் திறந்துவிட்டது. மூடிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். வாய் பாதி திறந்தது. அதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு துடித்தது, சத்தம் வரவில்லை.

தலைமையாசிரியர் செல்போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

தனக்குத் திக்குவாய் என்று இங்கே யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று, சேர்ந்த அன்றே அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து, தெரிந்த விடைக்கெல்லாம் தலையாட்டி முட்டை வாங்கியவள். வீடியோவில் அந்தப் பதினோரு வினாடியை வெட்டி எறிய ஒரு விரல் போதும். வெட்டவில்லை. ஒன்பதாயிரம் பேர் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டிருந்தாள்.

மெக்கானிக்குக்குக் கண் நிறைந்தது. பெருமையில் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார்.

"அ... அழிக்க மாட்டேன், சார்."

மெக்கானிக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று, பரிசு வாங்க மேடையேறியவர் மாதிரி கேட்டார்.