தீப்பொறி வந்தாச்சு

“தீப்பொறி வந்தாச்சு” என்று வாசலில் நின்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்ததும், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசியும் கையுமாக நிற்பவள் அவள். தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்துத்தான் பழக்கம். தீப்பொறி என்பது, கட்சிக்காக இணையத்தில் சண்டை போட அவளே வைத்துக்கொண்ட பெயர்.

அந்தச் சண்டையில் கூடப்பிறந்த அக்காவே பேச்சை நிறுத்திவிட்டாள். முகம் தெரியாதவர்களோடு என்ன சிநேகம் என்று கணவர் கேலி செய்வார். இன்றைக்குத்தான் அந்த இணையக் குழுவில் எல்லாரும் முதல்முறையாக நேரில் கூடுகிறார்கள். மகளைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்ததில் தாமதமாகி, பேச்சுச் சத்தம் கேட்ட கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, வாசலில் கேட்டவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள்.

“நேத்து நீங்க போட்ட பதிவைப் படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன்மா” என்றார் வாசலில் நின்றவர். நேற்று மகளுக்குக் காய்ச்சல். அவள் போனைத் தொடவே இல்லை. ஆனாலும் தேடி வந்த பாராட்டைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வெட்கத்தோடு சிரித்துவைத்தாள்.

கொடி, பதாகை ஒன்றையும் காணோம். எந்தக் கட்சி கூடினாலும் சரி, கொடி மட்டும் கட்டக் கூடாது என்று கட்டடத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். வயதான பெண்மணி ஒருவர் நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் கொடுத்தார். தையல் வேலை செய்கிறவராம். எதிராளிகளுக்குப் பதில் எழுதாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்றார்.

பத்திரிகைகளை எல்லாம் அந்தப் பக்கத்தார் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஒருவர் மேடையில் பேசினார். அவர்கள் காசுக்கு எழுதுகிறார்கள், நாம்தான் மனசாட்சிக்கு எழுதுகிறோம் என்றார் அடுத்தவர். அதற்கும் அடுத்தவர், நம் ஆட்கள் என்றைக்காவது தரக்குறைவாகப் பேசியதுண்டா என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தாரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினார்.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. எல்லாம் அவளே எழுதியவை போல இருந்தன, ஒரு சொல்கூட மாறவில்லை.

பிறகு ஒரு பேருந்து ஓட்டுநர் எழுந்தார். அரசியலால் தம்பியோடு பேச்சு நின்றுபோனதையும், தம்பி குழந்தையைப் படத்தில் மட்டும் பார்த்ததையும் சொன்னார். அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தையல்கார அம்மா கைக்குட்டையை நீட்டி முதுகைத் தடவிக்கொடுத்தார். இத்தனை நாளும் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளையும் பேசச் சொன்னார்கள். “அவங்களுக்குச் சூடு சொரணை இருந்தா இந்நேரம் கணக்கை மூடிட்டு ஓடியிருக்கணும்” என்றாள். கூடம் அதிர்ந்தது. தையல்கார அம்மா வாயில் விரலை வைத்து விசிலே அடித்துவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. குழுவின் நிர்வாகி. மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

“எங்கம்மா இருக்கீங்க? மாடியில எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.”

“மாடியிலயா?”

“ஆமா. கீழ அவங்க கூட்டம் நடக்குது. தெரியாம உள்ள போயிடாதீங்க.”

மேடையில் இன்னமும், தங்கள் பக்கத்துத் தீப்பொறி என்று நினைத்து, அவளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கம் சாப்பாட்டு மேசைகளை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. அவசர வேலை என்று முணுமுணுத்தபடி மெல்ல எழுந்தாள்.

தையல்கார அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, காதருகே குனிந்தார்.

“உக்காரும்மா. நானும் மாடிக்கு வந்தவதான், சாப்பிட்டுட்டுச் சேர்ந்தே போகலாம்.”