தட்டு காலி

"தைராய்டு குறைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்லயே இருக்கே, மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்," என்றார் கணவர், எல்லாம் தெரிந்தவராக. மேசைமேல் இளைத்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தது அவர்கள் வளர்க்கும் நாய்.

கால்நடை மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை. "தைராய்டு நோயா இருந்தா பெரும்பாலும் குண்டாயிருக்கும் சார். வயித்துக்குச் சரியாப் போகலைன்னா உடம்பு அடுப்பைத் தணிச்சு வெச்சுக்கும், தைராய்டும் குறையும். நல்லா சாப்பிட்டா தானா ஏறிடும். இவன் பட்டினி."

மனைவிக்குச் சுருக்கென்றது. "பட்டினியா? வேளாவேளைக்குக் கோழிக்கறி வேகவெச்சு, சோத்துல பிசைஞ்சு குடுக்கறேன். தட்டு காலியாத்தான் திரும்பி வருது!"

மருத்துவர் ஒரு பிஸ்கட்டை நீட்டினார். நாய் அவர் விரலையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது.

"யாரும்மா ஊட்டறது?"

"இவர்தான். பின்பக்கம் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்குவார். ஆளைப் பாத்தா இவன் சாப்பிடமாட்டானாம்." அவள் பெருமூச்சு விட்டாள். "டெஸ்ட் எடுக்கணும்னா இவருக்குத்தான் எடுக்கணும். ரெண்டு மாசமா வெறும் காய்கறி சூப்புதான் குடுக்கறேன், தொப்பை ஒரு சுத்துகூடக் குறையல!"

மருத்துவர் மருந்துச் சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேம்மா. அந்தக் கோழிக்கறியில உப்பு தூக்கலாப் போடறீங்களோ?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"உப்பா? ஒரு கல்லுகூடப் போடமாட்டா டாக்டர். வாயில வைக்க முடியல!"

மருத்துவர் பேனாவை மூடினார்.