இரண்டு ஆறு சேரும் ஊர்

வரைபடத்தில் அந்த ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. டீ சாஸர் அளவுக்கு.

கம்ப்யூட்டர் திரையில் கோட்டைக் கதவு மூடிக் கிடந்தது. இரண்டு ஆறுகள் சேரும் ஊரின் பெயர் என்ன என்று கேட்டது. துணி வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம்.

இரண்டு தடவை குத்துமதிப்பாக அடித்துத் தப்பாகிவிட்டது. மூன்றாவதும் தப்பானால் இந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும்.

மணி நாலரை. ஐந்து மணிக்கு என்னைக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக கார் வரும். ஜோர்டானில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் கழித்துத்தான் ஊர் திரும்ப முடியும்.

ஏழு மாயாஜால நாவல்களை வைத்துச் செய்த ஏழு கேம்கள், கூடவே ஒரு துணி வரைபடம், எல்லாம் ஒரே பெட்டியில். கல்யாணமாகி வரும்போது பாத்திரம் பண்டத்தோடு ரைசா இந்தப் பெட்டியையும் கொண்டுவந்தாள். நாலு வருடத்தில் இரண்டு பேருமாக ஆறு கேமை முடித்துவிட்டோம். ஏழாவதில் எட்டு மாதமாகக் கிடக்கிறோம்.

எதையும் அரைகுறையாக விட்டுப் போனால் எனக்குத் தூக்கம் வராது. கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று போன வாரம் சொன்னேன்.

"முடிச்சுட்டா அப்புறம் என்னங்க?" என்றாள் ரைசா.

அப்புறம் என்ன, நிம்மதிதான் என்றேன். எங்கே நிம்மதி.

ஓட்டையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. என் மாமனார் உமர். நிட்டிங் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவர். துணியின் எடை பார்ப்பதற்காக வட்டமாக வெட்டியெடுக்கும் ஜிஎஸ்எம் கட்டர் எப்போதும் அவர் பையில் இருக்கும். எங்கள் வீட்டு ஜன்னல் ஸ்கிரீனில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். நான் ஆசையாக வாங்கிய கைலியைக்கூட விடவில்லை.

என்னை வழியனுப்ப சேவூரிலிருந்து ஒரு வாரம் முன்பே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தை அவர் மடியில் விரித்துப் போட்டேன்.

அவர் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் பிசிறடித்திருந்தது. தலையைத் தூக்கி, கதவோரம் நின்ற ரைசாவைப் பார்த்தார்.

"நானாத்தானுங்க இருக்கும் மாப்பிள்ளை. மறந்துபோச்சு."

வெட்டிய துண்டு எங்கே என்றால் அதுவும் மறந்துபோச்சாம். பெரியவராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நெட்டில் தேடினேன். இந்தக் கேமை எங்களைத் தவிர வேறு யாரும் ஆடியதாகவே தெரியவில்லை.

ரைசாவைக் கேட்டேன். பள்ளிக்கூட லைப்ரரியில் அந்த ஏழு நாவல்களையும் மூன்று தடவை படித்தவள். ராஜாவின் குதிரைகளுக்குக்கூடப் பெயர் சொல்வாள். இந்த ஊர் மட்டும் ஞாபகமில்லை என்றாள்.

அப்பனும் மகளுமாகச் சேர்ந்து என் உயிரை வாங்குகிறார்கள் என்றிருந்தது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. பாஸ்போர்ட்டை ரைசா தன் ஹேண்ட்பேக்கில் பத்திரமாக வைத்திருந்தாள். எடுக்க உள்ளே போனேன்.

பாஸ்போர்ட்டுக்கு அடியில் நான்காக மடித்த துணி இருந்தது. விரித்தேன். டீ சாஸர் அளவு வட்டம். இரண்டு ஆறுகள், அவை சேரும் இடத்தில் ஊர்ப் பெயர். ஓரத்தில் பிசிறு.

மாமா வெட்டிய எந்த வட்டத்திலும் நான் பிசிறு பார்த்ததில்லை.

துணியை மறுபடி நான்காக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ரைசா பின்னால் வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சேவூர் என்று அடித்தேன். ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்தது.