இளவரசி செத்தால்தான் பத்து மார்க்

பாடத்தில் வருகிறவர்களே ஆன்லைன் வகுப்புத் திரைக்கு வந்து பேசத் தொடங்கியதிலிருந்து, நப்பின்னை டீச்சருக்கு நாடகம் நடத்துவது பெரும்பாடாகிவிட்டது. நாளைக்குப் பரீட்சை. இன்றைக்குள் இளவரசி விஷம் குடித்துச் செத்தாக வேண்டும்.

திரையில் இளவரசி கிண்ணத்தைத் தூக்கினாள். "அன்பர் மாண்டபின் எனக்கென்ன வாழ்வு?"

"அடி பைத்தியக்காரி, கீழ வை அத!"

மாணவன் இசக்கியப்பனின் மைக் வழியாக அவன் அம்மா, அடுப்படியிலிருந்து.

"யாரம்மா நீங்கள்?" என்றாள் இளவரசி.

"முதல் அங்கத்துலயிருந்து கேட்டுக்கிட்டுதான இருக்கேன். அவன் சாகல தாயி! செத்துட்டான்னு வந்து சொன்னானே, அந்தத் தூதன் புளுகுறான்!"

"ஆமாக்கா, புளுகுறான்!" வகுப்பே மைக்கைத் திறந்தது.

"எல்லாரும் மியூட் பண்ணுங்க! பத்து மார்க் கேள்வியே அவ சாவுதான்!" என்று கத்தினார் டீச்சர்.

இளவரசி அவர் பக்கம் திரும்பினாள். "ஆசிரியையே, அவர் உயிரோடு இருக்கிறாரா?"

வருஷாவருஷம் இந்த இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே பாடம் நடத்துகிறவர் டீச்சர். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வடக்கு வாசல்ல நிக்காரும்மா. ஓடு!"

கிண்ணம் உருண்டது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இளவரசி ஓட, பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

"டீச்சர், அப்போ அந்தப் பத்து மார்க்?" என்றான் இசக்கியப்பன்.

"அது கிடக்கட்டும்டா!" டீச்சர் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். "அவரப் பாத்துட்டாளா இல்லையா, அதச் சொல்லு!"