ஒன்றாம் எண் சட்டை

"ஒன்னாம் நம்பர்?" என்று கேட்டுவிட்டு, கோர்னி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

ஃபின்பார் தன் கோணல் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

அயர்லாந்தின் ட்ரம்கீல் ஊரில், மட்டையால் பந்தை அடித்தாடும் ஹர்லிங் அணிக்குத் தேர்வாளர்கள் மூன்றே பேர். பயிற்சியாளர் மலக்கி, தபால்காரர் கோர்னி, பதினேழு வருடம் இதே ஊருக்குக் கோல் காத்த ஃபின்பார். உடைமாற்றும் அறையில் ஈரச் சட்டை நாற்றம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட இறுதிப் போட்டி. பெயர்களை எழுதிக் கதவில் ஒட்டும்வரை வெளியே நிற்கிற பையன்கள் யாரும் வீட்டுக்குப் போகப்போவதில்லை.

மற்ற இடங்களுக்கு மூவரும் முட்டிக்கொள்வார்கள். கோல் என்றால் மட்டும் ஃபின்பார் சொன்னதுதான் சட்டம்.

அவர் ஆடிய காலத்தில் தலைக்கவசம் போட்டவனைக் கோழை என்பார்கள். மூக்கு இரண்டு தடவை உடைந்தது. நான்கு விரல்கள் முறிந்து கோணலாகவே கூடிவிட்டன. அவர் தடுத்த பந்துகளை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன் ஓர் இறுதிப் போட்டியில் கால் இடுக்கில் நழுவவிட்ட ஒரு பந்தை மட்டும் இன்னும் பாரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

மூன்று வருடத்துக்கு முன் தேர்வாளராக வந்தபோதும் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் அன்றிலிருந்து மனுஷன் பாடுபடுகிறார்.

"என்னய்யா, உக்காந்துக்கிட்டே தூங்கறியா? எவின்தானே?" என்றார் மலக்கி.

எவின்தான். வயது இருபத்திரண்டு. இந்த வருடம் முழுக்க கோல்கீப்பரின் ஒன்றாம் எண் சட்டை அவன் முதுகில்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன் நடந்த பயிற்சியில், இடது பக்கம் வந்த மூன்று பந்துகளுக்கு அவன் முகத்தை முழுதாகத் திருப்பினான். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கோல் வாயில் நின்று பழகியவருக்கு உடனே சந்தேகம் வந்தது. அவனைத் தனியே கூட்டிப்போய், இடது பக்கமாகக் கையைத் தூக்கி, எத்தனை விரல் என்று கேட்டார்.

கை எங்கே என்று கேட்டான் எவின்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். போன மாதம் பட்ட அடியில் இடது கண்ணின் விழித்திரை கிழிந்திருக்கிறதாம். தலையில் இன்னோர் அடி பட்டால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"ஞாயித்துக்கிழம ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க ஃபின்பார். திங்கக்கிழம நானே போய் ஆபரேஷனுக்குப் படுத்துக்கிறேன்."

எதிரணியில் ஒருவன் இருக்கிறான். அரையிறுதியில் அவன் அடித்த பந்து, கோல்கீப்பரின் முகக்கவசக் கம்பியை உள்பக்கமாக வளைத்துவிட்டது. அந்தக் கவசத்தை ஃபின்பார் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். வளைந்த இடம் கண்ணுக்கு நேராக இருந்தது.

மாற்று ஆள் இல்லாமல் இல்லை. இரண்டு வருடமாகப் பெஞ்சில் காத்திருக்கிற டாராவுக்குக் கண்ணும் கையும் பழுதில்லை. வாயைத் திறந்து சொன்னால் தீர்ந்தது. ஆனால் எவின் இல்லவே இல்லை என்று சாதிப்பான். அப்போது ஊர் யாரை நம்பும் என்பதில் ஃபின்பாருக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு பையனின் கண், ஒரு பையனின் கண் என்று உள்ளே ஏதோ கத்தியது.

"எவின். மாத்த வேணாம்," என்றார்.

கோர்னி எழுதினார். எழுதுகிற சத்தம் கேட்டது. அடுத்தடுத்த இடங்களுக்கு வழக்கமான சண்டை நடந்தது. ஃபின்பார் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

பதினைந்து பேர் முடிந்தார்கள். பதினாறாவது பெயர், மாற்றுக் கோல்கீப்பர். கோர்னி கேட்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலக்கியும் சுவரைப் பார்த்தார்.

ஃபின்பார் எழுந்து வெளியே போனார்.

ட்ரம்கீலில் அப்படித்தான் வழக்கம். தன் ரத்தத்தின் பெயரை எடுக்கும்போது தேர்வாளர் அறையில் இருக்கக் கூடாது.

கதவு சாத்தியும் மலக்கியின் குரல் கேட்டது. "டாராவுக்கு என்ன குறைச்சல்? இருந்தும் பெத்த பையனுக்காக ஒரு வார்த்தை பேசல பாரு. மனுசன்னா இவன்தான்யா."

மூன்று வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கினார். இப்போது அதைக் கேட்காமலிருக்க வேகமாக நடந்தார்.

நடைபாதையில் எவின் நின்றிருந்தான். ஃபின்பாரின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். கண் கலங்க, நன்றி சொல்லக் கையை நீட்டினான்.

அந்தக் கை, அவர் கைக்கு நான்கு விரற்கடை தள்ளி, வெறும் காற்றைப் பிடித்தது.

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஃபின்பார் சட்டென்று தன் கையை நகர்த்தி எவினின் கைக்குள் வைத்துக்கொண்டார்.