கூரான எழுத்தில் ஒரு பெயர்

சண்டைப் படத்துக்குப் போடுவது மாதிரி எழுத்து வேண்டும் என்றார் அந்தப் பெண்.

எதற்கு என்று கேட்டேன். வீட்டு வாசல் கதவில் மாட்ட என்றார்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. பதினோரு வருஷமாகப் போர்டு டிசைன் செய்கிறேன். வீட்டுக்குப் பெயர்ப்பலகை கேட்டு வருகிறவர்கள் கொடி, பூ, வளைவு என்றுதான் கேட்பார்கள். தடித்த, முனை வைத்த ஃபான்ட்டெல்லாம் ஜிம்முக்கும் டயர் கடைக்கும்.

அவருக்கு நாற்பது இருக்கும். குரல் அவ்வளவு மெல்லிசு. குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

தன் பெயரை எழுதிக் கொடுத்தார். கடைசி எழுத்து ‘ழி’. வாயில் சொன்னாலே வழுக்கிக்கொண்டு போகிற பெயர். அதனால் முதலில் உருண்டை எழுத்தில் போட்டுக் காட்டினேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார்.

தடிமன் ஏற்றினேன். போதவில்லை. வளைவுகளையெல்லாம் வெட்டி மூலையாக்கினேன். ‘ழி’யின் வால் அரிவாள் மாதிரி வந்து நின்றது. எனக்கே கண்ணை உறுத்தியது. அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது.

இனிஷியல்? வேண்டாம். வீட்டுக்காரர் பெயர்? வேண்டாம். நிறம்? கறுப்பில் வெள்ளை.

கராத்தே வகுப்பு ஏதாவது நடத்துகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். பிறகு என்னைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு பஸ் போனது. அது நகர்ந்ததும், அங்கிருந்தே பெயர் பளிச்சென்று தெரிந்தது.

“இதைப் பார்த்தா உங்களுக்கு அந்தக் கதவைத் தட்டத் தோணுதாங்க?”

வாடிக்கையாளரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியே பழகிய வாய். இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். தோன்றவில்லை.

“அப்ப இதுவே இருக்கட்டும்,” என்றார்.

நாளை மறுநாள் தருகிறேன் என்றேன். இன்றைக்கே வேண்டும், மூன்று மணிக்குள் மாட்டியாக வேண்டும் என்றார். அப்படி என்ன அவசரம், வீட்டில் ஏதும் விசேஷமா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

அவர் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாலு மணிக்கு ஜெயில்லேருந்து அவரை விடறாங்க.”

எந்த அவரை என்று நான் கேட்கவில்லை. நானே வந்து மாட்டித் தருகிறேன் என்றேன். எவ்வளவு உயரத்தில் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று சொல்லி, தன் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் கையை உயர்த்திக் காட்டினார்.